ஆறுக்குக் குறையாமல்

ஒஸ்திராவாவில், ஒரு பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில்
ஞாயிறு தோறும் மீன் சந்தை.
கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே
தொட்டிகளை அடுக்கியிருந்த பையன்
எடுத்த எடுப்பில் கேட்டது
என்ன மீன் வேண்டும் என்றல்ல.
"உங்க தண்ணி எப்படி? மென்னீரா, கடுநீரா?"

எனக்குச் சிரிப்பு வந்தது.
டயாலிசிஸ் வார்டில் தண்ணீர்தான் என் வேலை.
குழாயில் வருவதைச் சவ்வு வழியே பிழிந்து
பேருக்குக்கூட உப்பில்லாமல் ஆக்கி
இயந்திரங்களுக்குக் கொடுப்பவள் நான்.
"அதில் இரண்டு பங்கு, குழாய்நீர் ஒரு பங்கு" என்றேன்.
காதில் வளையம் போட்ட அந்த ப்ரொகோப்
அதற்குப் பிறகுதான் ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

கோட்டுப் பையில் பட்டியல் இருந்தது.
திங்கள், புதன், வெள்ளி காலை முறை.
ஆறு நாற்காலி, ஆறு கையெழுத்து.
ஹனுஷுக்குப் புலிக்கெண்டை: வரிபோட்டது, வம்புக்காரன்.
ஒத்திலியேவுக்கு வால் விசிறும் கப்பி.
இன்னொருத்தி: எதுவானாலும், தூங்காதது.
லுத்விக்: கண்ணாடி இல்லாமலே எனக்குத் தெரிவது.
மற்ற இருவர் தங்கமீன் என்று எழுதி
அவர்களே அடித்துமிருந்தார்கள்.

"புலிக்கெண்டையும் கப்பியும் ஒரே தொட்டியிலயா?
வெள்ளிக்கிழமை வர்றதுக்குள்ள
அந்தம்மா கப்பிக்கு வால் மிஞ்சாது.
அதோட, கப்பி உங்க தண்ணிக்கு ஒத்துவராது."

சரி, அப்படியென்றால்
சிவப்புமூக்கு மூன்று, நியான் மூன்று,
அந்தத் தணல் நிறத்துக் குட்டிகளில் மூன்று.
எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம்.

தரமாட்டேன் என்றான்.
காசை நீட்டியும் வலையை எடுக்கவில்லை.
"மூணு மீன் கூட்டம் இல்லீங்க. மூணு பயம்.
ஒரே இனம். ஆறுக்குக் குறையாம.
பன்னிரண்டுன்னா நிம்மதியா நீந்தும்."

பன்னிரண்டு சிவப்புமூக்கன்கள்.
வெளியே மைனஸ் ஏழு.
பையைக் கோட்டுக்குள் வயிற்றோடு அணைத்து
டிராமில் ஏறினேன்.
ஐம்பத்து மூன்று வயதில்
ஒரு மாணவன் பதறி எழுந்து எனக்கு இடம் கொடுத்தான்.
நான் மறுக்கவில்லை.

தண்ணீர் அறையில் மூன்று வாரம் தனியே வைத்து
பிறகுதான் வார்டுக்குக் கொண்டுவந்தேன்.
இந்தச் சுவருக்குப் போகும்,
யாரும் சொல்லாமலே எல்லாமாகத் திரும்பும்.
லுத்விக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.
ஹனுஷ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
"வரிசையாப் போய் வரிசையா வர்றது.
இதைத்தான் சுரங்கத்துல முப்பது வருஷம் செஞ்சேன்.
பார்க்க வேற செய்யணுமா?"

அப்புறம் ஒரு புதன்கிழமை,
கையில் ஊசி ஏற்றிக்கொண்டிருக்கும்போதே
அவர்தான் கத்தினார்: "மூக்கு வெளுத்துப் போச்சு! எல்லாத்துக்கும்!"
இரவு தரைக்கு மெருகு போட வந்தவர்
ஃபில்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு
மாட்ட மறந்திருந்தார்.
பாதி நீரை மாற்றினேன்.
சாயங்கால முறைக்காரர்கள் வருவதற்குள்
இளஞ்சிவப்பு திரும்பியிருந்தது.
ஹனுஷ் அதைக் கேட்பதற்காகவே
வீட்டிலிருந்து இரண்டு முறை போன் செய்தார்.

பிப்ரவரியில், ராத்திரி இரண்டு மணிக்கு
ஒத்திலியேவுக்கு அழைப்பு வந்தது.
சிறுநீரகம் கிடைத்துவிட்டது, உடனே கிளம்பு.
மறுநாள் அவள் நாற்காலியில்
மடித்த போர்வை மட்டும்.
சந்தோஷம்தான். எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள்.
சொல்லிவிட்டு ஐந்து பேரும்
ரொம்ப நேரம் பேசவில்லை.

அடுத்த திங்கள் அந்த இடத்தில் ஒரு புது ஆள்.
தொப்பியைக் கழற்றவில்லை, பெயரை முணுமுணுத்தார்,
குழாயில் தன் ரத்தம் ஓடுவதைப் பார்த்து
கண்ணை இறுக மூடிக்கொண்டார்.
"இங்க பாருங்க" என்றார் ஹனுஷ்,
கை கட்டுண்டிருந்ததால் தாடையால் சுட்டி.
"மூக்கு சிவப்பா இருந்தா தண்ணி நல்லா இருக்குன்னு அர்த்தம்.
மொத்தம் பன்னிரண்டு. எண்ணிப் பாருங்க,
ஒருத்தருக்கும் கணக்கு சரியா வந்ததில்லை."

கொஞ்சம் பொறுத்து ஒரு கண் திறந்தது.
ஒன்பது, பத்து... திரும்பிவிட்டன.
அவர் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்.
நான்கு மணி நேரம் இருக்கிறது.